குங்குமம் வைத்த கல்யாண டிவிடி

எங்கள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது நிஜம்தானா என்று வெளிநாட்டுக்காரன் ஒருவன் சந்தேகப்பட்டான். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

கல்யாணம் நடந்தது. மல்காஜ்கிரியில், ரயில்வே லைனை ஒட்டின மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை மௌலா அலி பக்கம் ஸ்டாஃப் காலனியில் வளர்ந்தவர். எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கம்ப்யூட்டர் வேலைக்காக வெளிநாடு போனவருக்குக் கிடைத்தது இரண்டு வார லீவு. அதற்குள் பெண் பார்த்து, பூ வைத்து, தாலி கட்டி, பதிவு ஆபீஸில் கையெழுத்தும் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார். ஹைதராபாத்தில் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு கல்யாணம் இப்படித்தான் நடந்தது. ஆனால் அங்கே விசா பார்க்கிற ஆளுக்கு இது சரியாகப் படவில்லை. இத்தனை அவசரமாக ஒரு கல்யாணமா, வெறும் பேப்பருக்காகச் செய்ததா என்று எழுதி, மகளுக்கு விசா இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் பயம் மட்டும் காலேஜ் வரைக்கும் போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை நடந்து, பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தாலி ஏறின பெண் மாசக்கணக்கில் பிறந்த வீட்டிலேயே இருந்தால் அக்கம்பக்கம் கேட்காதா? கேட்டார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம், "வதினா, விசா ஒச்சிந்தா?" என்பாள், அண்ணி, விசா வந்ததா என்று. இல்லை என்று தலையாட்டுவேன். "அய்யோ" என்பாள். அந்த அய்யோவுக்குப் பயந்தே நான் துணியை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட ஆரம்பித்தேன்.

இரண்டாவது தடவை விண்ணப்பம் போட்டபோது மாப்பிள்ளை அங்கே ஒரு வக்கீலைப் பிடித்தார். ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஃபோன் வந்தது.

"அத்தை, கல்யாண வீடியோ வேணுமாம். போட்டோ யார் வேணா நின்னு எடுத்துக்கலாம், ஆனா இருநூறு பேர நாள் பூரா நடிக்க வைக்க முடியாதுங்கறார் வக்கீல்."

"அதுக்கென்ன மாப்ளை, மூணு டிவிடி இருக்கு. அப்படியே அனுப்பிருதோம்."

"நக்கோ அத்தை, வேண்டாம். வெளிய இருந்து வர்ற டிவிடிய அவங்க போட மாட்டாங்க. எந்தக் கம்ப்யூட்டர்லயும் திறக்கற மாதிரி சின்ன ஃபைலா சுருக்கித் தரணும். ஞாயித்துக்கிழமை என் ஃப்ரெண்டு அங்கருந்து கிளம்புறான். பென் டிரைவ்ல போட்டு அவன்கிட்ட குடுத்துட்டீங்கன்னா போதும், வக்கீல் அதை ஏத்தி அனுப்பிடுவார். அடுத்த வாரம் ஃபைல் பண்ணியாகணும், அதுதான் கடைசி."

வீடியோ எடுத்த ஸ்டுடியோவுக்கு உடனே ஃபோன் போட்டோம். அவன் டேப்பில் எப்போதோ வேறு கல்யாணம் எடுத்துவிட்டான். ஆக, உலகத்திலேயே இந்த மூன்று டிவிடித் தட்டுகள்தான் சாட்சி. முதல் தட்டில் மாப்பிள்ளை அழைப்பு, இரண்டாவதில் முகூர்த்தம், மூன்றாவதில் வரவேற்பு.

மகளுக்கு மாதாப்பூரில் வேலை. காலையில் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனால் இருட்டித்தான் விடும். லீவை எல்லாம் விசா அலைச்சலிலேயே தீர்த்திருந்தாள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அவள் காலேஜில் சேர்ந்தபோது வாங்கினது. ஒரு தட்டைச் சுருக்க அரை நாள் எடுக்கும் என்றாள். ராத்திரி ஓடவிட்டுத் தூங்க நான் சம்மதிக்கவில்லை, அதனால் பகலில் நான்தான் செய்ய வேண்டும். அன்றைக்கே ஒரு புரோகிராமை இறக்கி வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். தட்டைப் போடு, இங்கே அமுக்கு, லிஸ்ட் வரும், ஒன்றைத் தேர்ந்தெடு, பச்சைப் பொத்தானை அமுக்கு, கோடு நிரம்பும் வரை தொடாதே.

"தொட்டா என்ன ஆவும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா."

"அப்புறம் ஏன் தொடாதேன்னு சொல்லுத?"

"அரே, நீ கைக்கு இவ்ளோ டென்ஷன் ஆகுறே?" என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கைக்கு என்றால் ஹைதராபாத் ஹிந்தியில் ஏன் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் பாதி ஹிந்தியில் பதில் சொல்லுவாள். சண்டை போடும்போது மட்டும் சுத்தத் தமிழ் வரும்.

வியாழக்கிழமை காலையில் மகள் போன பிறகு பீரோவைத் திறந்து டிவிடி பெட்டியை எடுத்தேன். ஜரிகைத் துணி ஒட்டின, கல்யாண ஆல்பம் மாதிரியே செய்த பெட்டி. உள்ளே மூன்று தட்டுகள். ஒரு பக்கம் மாலையும் கழுத்துமாக இரண்டு பேர் படம். திருப்பினேன். பளபளக்கிற பக்கத்தில், ஒவ்வொரு தட்டிலும் மூன்று இடத்தில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. அதன் நடுவில் குங்குமம்.

தட்டை அப்படியே ஏந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மத்திய அரசு ஃபேக்டரியில் மெஷின் ஷாப்பில் வேலை அவருக்கு.

"ஏங்க, இது என்ன?"

"ஆயுத பூஜைக்கு வச்சேன்லா" என்றார், ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே.

"டிவிடிக்கா?"

"லேத்துக்கு வைக்கோம், ஸ்கூட்டருக்கு வைக்கோம், மிக்சிக்கு வைக்கோம். இந்தத் தடவ விசா வரணும்னு நெனச்சு இதையும் சாமி முன்னால வச்சேன். நீதான ஒரு வழி பொறக்கணும்னு அழுதுகிட்டிருந்த."

"அதுக்கு இந்தப் பக்கமா வைப்பாங்க?"

"அந்தப் பக்கம் பிள்ளைங்க மூஞ்சி இருக்குட்டி."

"மூஞ்சியிலதான பொட்டு வைப்பாங்க!"

"தட்டு சின்னது, என் வெரலு பெருசு. மாப்ளை மூஞ்சி பூரா அப்பிரும்லா."

நான் ஒரு மெல்லிய துணியை நனைத்து முதல் தட்டைத் துடைத்தேன். சந்தனம் ஊறி வந்துவிட்டது. மூன்றாவதும் அப்படியே. இரண்டாவதில் குங்குமத்தை விளக்கு எண்ணெயில் குழைத்து வைத்திருப்பார் போல. சந்தனம் போன பிறகும் சிவப்புக் கறை மங்கலாக நின்றது. அதுதான் முகூர்த்தத் தட்டு. நான் அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால், இவர் ஷூவைக் கழற்றிவிட்டுப் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து, விபூதியைத் தொட்டுத் தொட்டு அந்தத் தட்டை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் வெள்ளி விளக்கை அவர்தான் விபூதி போட்டுத் துலக்குவார். அந்தக் கை அது.

"ஐயோ, விடுங்க!"

"பாரு, எப்படி மின்னுது" என்று தூக்கிக் காட்டினார். கறை போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள், வட்டம் வட்டமாக.

அவர் டியூட்டிக்குப் போய்விட்டார். நான் இரண்டாவது தட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை.

முதல் தட்டைப் போட்டேன். மகள் சொன்னபடியே செய்தேன். லிஸ்ட் வந்தது, மேலே இருந்ததைத் தேர்ந்தெடுத்துப் பச்சைப் பொத்தானை அமுக்கினேன். கோடு மளமளவென்று ஓடி நிரம்பிவிட்டது. அரை நாள் என்றாள், அரைக் காபி குடிப்பதற்குள் முடிந்துவிட்டதே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். எனக்குச் சந்தோஷம் ஒரு நிமிஷத்துக்கு மேல் தங்காது. ஃபைலைத் திறந்தேன். ரோஜாப்பூ கொட்டுகிறது, இதய வடிவத்துக்குள் மகளும் மாப்பிள்ளையும் சுற்றுகிறார்கள், புல்லாங்குழல் கேட்கிறது. முடிந்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி ரோஜாப்பூ. கல்யாணத்தையே இந்த மெஷின் இவ்வளவாகச் சுருக்கிவிட்டதா? இதைப் பார்த்தால் அந்த அதிகாரி என்ன நினைப்பான்? உடனே மாப்பிள்ளைக்கு ஃபோன் செய்தேன்.

"அத்தை, அது ஸ்டுடியோக்காரன் முன்னாடி வைக்கிற அலங்காரம். லிஸ்ட்ல ரொம்ப நீளமானது எதுவோ அதை எடுங்க."

"தட்டு கெட்டுப் போச்சா மாப்ளை?"

"இல்ல அத்தை."

"சுருக்குனா உள்ள இருக்கறது போயிருமா?"

"தட்டுல இருக்கறது தட்டுலயே இருக்கும். இது ஒரு நகல்தான். நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க."

விபூதி விஷயத்தை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அங்கே தனியாக இருக்கிற பிள்ளை, அவருக்கு வேறு எதற்குக் கவலை என்று விட்டேன்.

நீளமானதை எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். கோடு அசைகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். குளியலறைக்குப் போனால்கூட ஓடி வந்து பார்த்தேன். பெட்டிக்குள் காற்றாடி இரைகிற இரைச்சலில் கம்ப்யூட்டர் தீப்பிடித்துவிடுமோ என்று, மேஜைக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வைத்தேன். பாதி நிரம்பியபோது கரண்டு போனது. யூபிஎஸ் கீச் கீச் என்று கத்தியது. அணைக்கவா, விடவா? மகள் தொடாதே என்றாளே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கத்தி ஓய்ந்து எல்லாம் அணைந்தது. கரண்டு வந்ததும் முதலிலிருந்து.

இருட்டும்போது மகள் வந்தாள். அந்த வாளியைப் பார்த்துவிட்டு, "ஓ மா, கரண்ட் மேல தண்ணி ஊத்துவியா?" என்று சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபைலைத் திறந்து பார்த்தோம். எல்லாரும் ஒட்டடைக் கம்பு மாதிரி ஒல்லியாக, நீளமாக இருந்தார்கள். என் பெரியண்ணன் குண்டு மனிதர், அவரே வற்றிப் போயிருந்தார். எங்கேயோ ஒரு கட்டத்தில் டிக் போட விட்டுப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்து, மறுநாள் காலையிலிருந்து மறுபடி. வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் முதல் தட்டும் மூன்றாவது தட்டும் முடிந்தன. இரண்டாவதை வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன். போட்டுப் பார்க்காத வரைக்கும் அது நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா.

சனிக்கிழமை எல்லாரும் வீட்டில் இருந்தோம். இனித் தள்ள முடியாது. மகள்தான் போட்டாள். தட்டு உள்ளே போனதும் கர்ர் கர்ர் என்று ஒரு சத்தம். மற்ற இரண்டுக்கும் வராத சத்தம்.

"இது ஏன் இப்படிக் கத்துது?" என்றாள்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நான் எதையும் சொல்வதற்கு முன்னால் அவரே பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நான் கொஞ்சம் வெளக்குனேன்" என்றார்.

"எதால?"

"விபூதியால."

மகள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்புறம் சுத்தத் தமிழில், "அப்பா, உங்களுக்கு அறிவு இருக்கா?" என்றாள்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "விசா வரணும்னுதான்டா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

கோடு நகர்ந்தது. படத்தில் தாலித் தாம்பாளத்தைக் கூட்டத்தில் எல்லாரும் தொட்டுக் கும்பிடக் கொண்டு போகிற இடம் வரை நகர்ந்தது. அங்கே நின்றுவிட்டது. ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்தது, அதில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. மறுபடி போட்டால் மறுபடி அதே இடம். தட்டை எடுத்துப் பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாக ஒற்றி எடுத்துப் போட்டோம். கொஞ்சம் முன்னேறி நின்றது. பற்பசை தடவினால் சரியாகும் என்று யாரோ சொன்னதாக இவர் வாசலிலிருந்தே சொன்னார். நானும் மகளும் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்று கத்தினோம்.

கடைசியில் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. அவர் பக்கம் மூச்சு மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பை அடக்கியிருக்கிறார் என்று பிறகு மகள் சொன்னாள். அந்தத் தட்டு பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் பதிவாகியிருக்கும், கெட்டுப்போன பகுதியைத் தனியாக விட்டுவிட்டு மற்றதை எடுங்கள் என்றார். எடுத்தோம். கெட்ட பகுதியையும் தனியாக முயன்றோம். வந்தது, ஆனால் எப்படி வந்தது? படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே உறைந்து நின்றது. பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள். அதற்குள் யார் கை, யார் கழுத்து என்று ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் திக்கித் திக்கி வந்தது. கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று யாரோ கத்துவது, மேளம், நாகஸ்வரம். அப்புறம் படம் உயிர் பெற்றபோது எல்லாரும் அட்சதை போட்டு முடித்திருந்தார்கள். தாலி ஏற்கெனவே கழுத்தில் இருந்தது.

கல்யாணம் நிஜமா என்று கேட்கிறவனிடம், தாலி கட்டுகிற இடம் மட்டும் இல்லாத வீடியோவைக் கொண்டு போய்க் கொடுப்பதா? மற்ற எல்லாம் இருக்கிறது, அதுமட்டும் இல்லை என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் இதுதான் பேச்சு. என் வீட்டுக்காரர், அந்த உடைந்த பகுதியை வெட்டிவிட்டு முன்னையும் பின்னையும் ஒட்டிவிடலாம் என்றார். "பாக்குறவனுக்குத் தெரியவா போவுது?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சதுரம் சதுரமாக அசிங்கமாகத் தெரிவதைவிட, இல்லாமலே இருக்கட்டும்.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "வெட்டினா வெட்டின மாதிரிதான் இருக்கும். நாம எதையோ மறைச்ச மாதிரி. கெட்டது கெட்டதாவே இருக்கட்டும்."

"கெட்டத எவன்ட்டி நம்புவான்?" என்றேன்.

"நம்பலன்னா நான் சொல்லிக்கிறேன். எனக்கு நடந்த கல்யாணம்தானே?"

அதை அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நான் பென் டிரைவை எடுத்து அவளிடம் நீட்டினேன். உடைந்த சதுரங்களோடேயே முகூர்த்தப் பகுதிகளை ஒன்றாக ஒட்டி, மூன்று ஃபைல்களையும் பென் டிரைவில் ஏற்றினாள். நான் ஒவ்வொன்றையும் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். எடுத்துவிட்டு மறுபடி செருகித் திறக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது பென் டிரைவை என் கையில் வைத்து மூடி, "அம்மா, கிளம்பு" என்றாள். நானும் அவள் அப்பாவும் ஸ்கூட்டரில் கூகட்பல்லி வரை போய், மாப்பிள்ளையின் நண்பரிடம் கொடுத்தோம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பேக்ல வைங்க தம்பி, குனிஞ்சா விழுந்துரும்" என்றேன். பேக்கில் வைத்தார். "ஜிப்பை இழுத்துருங்க" என்றேன். இவர் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு செய்தியும் இல்லை. பென் டிரைவ் போய்ச் சேர்ந்தது, வக்கீல் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அப்புறம் மகளை நேர்காணலுக்குச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். அவளும் அவள் அப்பாவும் ரயிலில் போனார்கள். நான் வீட்டில் இருந்தேன். நான் கூட வந்தால் அவளுக்கும் பயம் தொற்றிக்கொள்ளும் என்று அவளே சொல்லிவிட்டாள். மத்தியானம் வரை ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"அம்மா, முடிஞ்சுது."

"என்ன கேட்டான்? தாலியப் பத்திக் கேட்டானா?"

"கேட்டாங்க. அந்த இடத்துல படம் ஏன் இப்படி இருக்குன்னு கேட்டாங்க. அப்பா டிவிடிய விபூதி போட்டுத் தேய்ச்சதச் சொன்னேன். விசா பாக்கற அந்தம்மாவுக்குப் புரியல. பக்கத்துல ஒரு தமிழ்க்கார லேடி இருந்தாங்க, அவங்க சிரிச்சிட்டு விளக்கினாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் தாலியையே விட்டுட்டாங்கம்மா. வீடியோவுல ஒரு லேடி எல்லா சீன்லயும் பின்னாடி அலைஞ்சுகிட்டே இருக்காங்களே, நகைப் பைய இறுக்கிப் பிடிச்சுகிட்டு, ஒரு தடவகூட சிரிக்கலையே, யார் அவங்கன்னு கேட்டாங்க. எங்கம்மான்னு சொன்னேன். ஏன் அவ்ளோ பயந்து போயிருக்காங்கன்னு கேட்டாங்க. எப்பவுமே அப்படித்தான்னு சொன்னேன்."

எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தது. மூன்று நாள் திரையில் நகர்ந்த அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்தப் படத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்கவே இல்லை.

"கொடுத்துருவானாட்டி?"

"தெரியாதும்மா. பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுகிட்டாங்க, அனுப்பி வைக்கிறோம்னாங்க."

பத்து நாள் போல இருக்கும், கூரியர்க்காரன் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தான். மகள் வேலைக்குப் போயிருந்தாள். கத்தரிக்கோலை எடுத்து, உள்ளே இருப்பது வெட்டுப்படாமல், ஓரத்தை மட்டும் வெட்டினேன். பாஸ்போர்ட். பக்கம் பக்கமாகத் திருப்பினேன். விசா ஒட்டியிருந்தது. அவள் படம், அவள் பேர், ஒரு தேதி.

ஃபோனில் சொன்னேன். அவள் ஆபீஸிலேயே கத்திவிட்டாள். பின்னால் யாரோ கை தட்டினது கேட்டது. இவருக்குச் சொன்னேன். ஃபேக்டரி இரைச்சலில் அவர் "சரி, சரி, சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு ஃபோனை வைத்துவிட்டு மறுபடி பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேரில் ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். பிறந்த தேதியைப் படித்தேன். நம்பரை முதல் பக்கத்து நம்பரோடு ஒப்பிட்டேன்.

மகள் வந்தபோதும் அது என் கையில்தான் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்காம்மா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன இன்னும் பாக்குறே?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரே ஒரு எழுத்து தப்பாக இருந்தால்கூடத் திருப்பி அனுப்ப வேண்டும், அது திரும்பி வர இன்னும் ஒரு மாதமாவது ஆகும். அந்த ஒரு மாதமும் அவள் இங்கேதான் இருப்பாள். வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு தப்பு இருந்துவிட்டால் தேவலை என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.